மழை வரவும் ஊர்க் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



மழைநீர் சேகரிப்பு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மாடியிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாயும், அடியில் ஜல்லி போட்ட குழியும்தான். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டிடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். ஆனால் உங்கள் தெருவில் இன்று எத்தனை குழாய் குழிக்குள் இறங்குகிறது, எத்தனை அந்தரத்தில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குழி வெட்டுவது ஒரு நாள் வேலை. வருஷா வருஷம் அதைப் பார்ப்பது யார்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

மழை இல்லையா?

"வானம் பொய்த்துப் போச்சு" என்று எங்க ஊரில் சொல்லாத ஆள் இல்லை. 2016-ல் நிஜமாகவே பொய்த்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. ஆனால் சராசரி எடுத்தால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 முதல் 950 மி.மீ. மழை உண்டு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம், வாருங்கள்.

50 சதுர மீட்டர் மாடி, 850 மி.மீ. மழை. பெருக்கினால் 42,500 லிட்டர். சிந்துவது, ஆவியாவது போக 80 சதவீதம் பிடித்தால் 34,000 லிட்டர். நாலு பேர் குடும்பத்துக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஆறு மாதத்துக்கு 3,600 லிட்டர் போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணலும் கூழாங்கல்லும் கரியும் போட்ட வடிகட்டி வழியாக ஒரு 4,000 லிட்டர் தொட்டி நிரப்பினால், கோடையில் குடத்தோடு அலைய வேண்டாம்.

அடுத்து ஊர்க் கணக்கு. 500 ஹெக்டேர் உள்ள ஊர் மேல் ஒரு வருஷத்தில் விழும் மழை 425 கோடி லிட்டர். வெயிலுக்கும் மண்ணுக்கும் பயிருக்கும் போனது போக, பத்தில் ஒரு பங்கை நிறுத்தினாலே 42 கோடிக்கு மேல். 2,000 பேருக்கு ஆளுக்கு தினம் 55 லிட்டர் (ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு) என்றால் வருஷத்துக்குத் தேவை சுமார் 4 கோடி லிட்டர்தான். ஆக, பஞ்சம் மழைக்கு மட்டும் இல்லை.

எங்கே நிறுத்துவது?

எல்லா இடத்திலும் ஒரே குழி உதவாது. பெரம்பலூரில், குறிப்பாகப் பச்சைமலை அடிவாரப் பக்கம், கீழே கெட்டிப் பாறை. மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும், பாறை வெடிப்பிலும்தான் தண்ணீர் தங்கும். அங்கே ஓடையில் தடுப்பணை கட்டி மெதுவாக இறங்க விட்டால் கிணறு ஊறும். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல், மணற்கல், களிமண் என்று படிவுகள் மாறி மாறி வரும். மணற்பாங்கான இடத்தில் தண்ணீர் இறங்கும். களிமண்ணில் தேங்கி நிற்கும். களிமண்ணில் கசிவுக் குழி வீண், குட்டைதான் சரி. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் எஸ்டிமேட் போடக் கூடாது!

தாத்தா காலத்துப் பாடம்

அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில், முதலாம் இராசேந்திர சோழன் சோழகங்கம் என்ற மாபெரும் ஏரியை வெட்டினான். இன்றைய பெயர் பொன்னேரி. அரசனே வெட்டியது. ஆனாலும் பிற்காலத்தில் பராமரிக்க ஆளில்லாமல் நெடுங்காலம் காடாகக் கிடந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இன்னொன்றைச் சொல்கின்றன. ஏரியைக் கவனிக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். குடவோலை முறையில் தேர்வு. 360 நாள் பதவி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது. எவ்வளவு கண்டிப்பு பாருங்கள்! ஆனால் அந்தக் குடத்தில் பெயர் விழ வரி கட்டும் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். என் பாட்டன் பெயர் அதில் விழுந்திருக்காது. மண் சுமந்திருப்பார்.

குடிமராமத்தும் அப்படித்தான். ஊரே கூடிக் கரையைப் பலப்படுத்திய வழக்கம் அது. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு ஆளைக் கூப்பிடும் நிலை வந்தது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, பயன் பெறும் விவசாயிகள் 10 சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. சரிதான். ஆனால் எங்க அப்பா கூலிக்கு வெங்காயம் அறுக்கிறவர். ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஏரி நிறைந்தால் எங்க தெரு அடிபம்பும் ஊறும். அப்படியானால் நிலம் இல்லாதவனும் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டாமா?

கணக்குப் போட்ட ஊர்

மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்று ஒரு கிராமம். நம்மைவிட மிகக் குறைந்த மழை. பிழைக்க வழியின்றி ஜனங்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த இடம். 1989-ல் போபட்ராவ் பவார் தலைவரானார். ஊரார் மலைச் சரிவில் வரப்புகளும் தடுப்புகளும் அமைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. வருஷா வருஷம் மழையை அளந்து, கிணறுகளின் நீர்மட்டத்தைப் பார்த்து, கிராம சபையில் வரவு செலவு வைக்கிறார்கள். முதலில் மனிதருக்கும் ஆடு மாட்டுக்கும். மிச்சத்துக்கு ஏற்ற பயிர். கரும்பு கிடையாது. பாசனத்துக்கு போர் போடவும் தடை. வெளியேறிய குடும்பங்கள் பல திரும்பி வந்தன.

நாம் என்ன செய்யலாம்?

1. நேராக நிற்கும் ஒரு டப்பா, ஒரு ஸ்கேல். மழை பெய்த மறுநாள் காலை அளந்து பள்ளிக்கூடச் சுவரில் எழுதுங்கள்.

2. ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலில் லெவல் எடுத்து, எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று வரைபடம் போடுங்கள். வரத்து அடைபட்டிருந்தால் ஏரியை எவ்வளவு தூர் வாரினாலும் பயனில்லை.

3. மாதம் ஒருமுறை கயிறு விட்டுப் பொதுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள்.

4. இதையெல்லாம் கிராம சபைக்குக் கொண்டு போங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் கிராம சபை கூடுகிறது. எஸ்டிமேட்டை வாங்கி, எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள் என்று எல்லாருக்கும் புரியும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.

எங்க வீட்டில் எஸ்டிமேட் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். உங்களிலும் பலர் அப்படித்தான் இருப்பீர்கள். மண் சுமந்தவர்கள் பிள்ளைகள் கையில் இப்போது டேப்பும் லெவலும் இருக்கிறது. வேலைக்காக சென்னைக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறும் முன்னால், அவரவர் ஊர் ஏரியை ஒருமுறை அளந்துவிட்டுப் போவோம், தோழர்களே!