பணிமூப்புப் பட்டியலும் டெபோரா லாரியும்



டெபோரா லாரி, ஆஸ்திரேலியாவின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் விமானியாகப் பணியில் சேர்ந்த முதல் பெண். சட்ட நூல்களில் அவர் அன்றைய திருமணப் பெயரான வார்ட்லி என்றே குறிக்கப்படுகிறார். பெண்ணாலும் விமானம் ஓட்ட முடியும் என்று நிரூபித்தவர் என அவரைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. புகழ்ச்சிதான், ஆனால் பிழை. நார்வேயின் டூரி விடெரோ 1969இலும் அமெரிக்காவின் எமிலி ஹவல் வார்னர் 1973இலும் விமான நிறுவனங்களில் பணியேற்றுவிட்டார்கள். நிரூபிக்க எதுவும் மிச்சமில்லை.

லாரி 1976இல் ஆன்செட் விமான நிறுவனத்துக்கு முதலில் விண்ணப்பித்தார். அப்போதே அவர் விமானப் பயிற்சி ஆசிரியர். அவரிடம் கற்றுக்கொண்ட ஆண்கள் வேலைக்குப் போனார்கள், ஆசிரியர் காத்திருந்தார். 1978இல் மறுக்கப்பட்டதும், விக்டோரியா மாநிலத்தின் 1977ஆம் ஆண்டு சமவாய்ப்புச் சட்டத்தின்கீழ் முறையிட்டார்.

நிறுவனம் கர்ப்பம், பேறுகால விடுப்பு, மாதவிடாய், உடல்வலு என்று காரணங்களை அடுக்கியது. பெண்கள் அமைப்பு ஒன்றுக்கு அது எழுதிய கடிதம் வழக்கில் சான்றாக வந்தது. பெண்கள் நல்ல விமானிகளாக இருக்க முடியாது என்பதல்ல, ஆனால் ஆண்கள் மட்டுமே உள்ள விமானிக் குழுதான் அதிகப் பாதுகாப்பானது என்பது அதன் சாரம். முதல் பாதி ஒப்புக்கொண்டதை இரண்டாம் பாதி பறித்துக்கொள்கிறது. 1979இல் சமவாய்ப்பு வாரியம் லாரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் காலதாமதமே பெரிய தண்டனை. விமானிகளின் உலகை ஆள்வது பணிமூப்புப் பட்டியல். எந்த விமானம், எந்தத் தடம், எப்போது விடுமுறை, எப்போது கேப்டன் பதவி என எல்லாவற்றையும் பணியில் சேர்ந்த தேதியே முடிவு செய்கிறது. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும். எவ்வளவு திறமையாகப் பறந்தாலும் பட்டியலில் ஒரு படிகூட ஏற முடியாது. ஆகவே கதவடைத்த ஒவ்வொரு மாதமும், அந்த இடைவெளியில் சேர்ந்த ஒவ்வோர் ஆணையும் அவருக்கு முன்னால் நிரந்தரமாக நிறுத்தியது. வீரக்கதை எழுதுவோர் இதைத் தொடுவதே இல்லை. சாகசம் எழுதுவது சுலபம், பணிவிதிகளைப் படிப்பது சலிப்பு.

வாரியத்தின் தீர்ப்பை எதிர்த்து ஆன்செட், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கே வாதம் பெண்களைப் பற்றியதே அல்ல. கூட்டாட்சிச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் முன்னதே செல்லும் என்கிறது ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 109ஆம் பிரிவு. விமானிகளின் பணி ஒப்பந்தம் கூட்டாட்சிச் சட்டப்படி பதிவானது. எனவே மாநிலச் சமவாய்ப்புச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது நிறுவனம். பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. 1980 மார்ச்சில் வந்த அத்தீர்ப்பு இன்றும் அரசியலமைப்புப் பாடங்களில் இடம்பெறுகிறது.

வாரியத்தின் தீர்ப்பை அடுத்துப் பணியில் சேர்ந்திருந்ததால், உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே, 1980 ஜனவரியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து டார்வினுக்குச் சென்ற ஃபாக்கர் ஃப்ரெண்ட்ஷிப் விமானத்தில் லாரி துணை விமானியாகப் பறந்தார். 1989இல் ஆஸ்திரேலிய விமானிகள் கூட்டாகப் பதவி விலகிய தகராறில் அவரும் வேலையை விட்டார். பின்னர் நெதர்லாந்தில் கேஎல்எம் சிட்டிஹாப்பரிலும், நாடு திரும்பியபின் வேறு நிறுவனங்களிலும் பறந்தார். நிறுவனம் மாறும் விமானி, எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், புதிய பட்டியலின் அடியிலிருந்து தொடங்குவதே இத்தொழிலின் வழக்கம்.