916: வளையலுக்குள் ஒரு விகிதக் கணக்கு

தீபாவளி நெருங்கும்போது ஜோகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பக்கம் அம்மாவோடு நகைக்கடைக்குப் போயிருப்பீர்கள். “இது 916 தானே?” என்று அம்மா கேட்டிருப்பார். வீட்டில் உள்ள வளையலின் உட்புறத்தையோ சங்கிலியின் கொக்கியையோ பூதக்கண்ணாடியில் பாருங்கள். மூன்று சிறிய இலக்கங்கள் தெரியும். அவை என்ன சொல்கின்றன?

எண்ணின் பொருள்

916 என்றால், நகையின் எடையை 1000 பங்காக்கினால் அதில் 916 பங்கு தங்கம். மீதி 84 பங்கு செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். காரட் கணக்கில் சுத்தத் தங்கம் 24 பங்கு. 22 காரட் என்பது 22 ÷ 24 = 0.916... அதாவது இரண்டும் ஒன்றே. 18 காரட் நகையில் 750 என்றிருக்கும்.

ஏன் கலக்கிறார்கள்? சுத்தத் தங்கம் மிகவும் மென்மையானது. அதில் ஒரே அளவுள்ள அணுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால் எளிதில் வழுக்கி நகரும். அளவில் சிறிய செம்பு அணுக்கள் இடையில் புகுந்து அந்த வழுக்கலைத் தடுக்கின்றன. நான்காம் படிவ வேதியியலில் நீங்கள் படிக்கும் கலப்புலோகம் இதுதான். ஆகவே, கலப்பது ஏமாற்று அல்ல; கலந்த அளவை மறைப்பதுதான் ஏமாற்று.

எவ்வளவு வித்தியாசம்?

ஒரு பவுன் 8 கிராம். ஐந்து பவுன் சங்கிலி 40 கிராம்.
916 என்றால் தங்கம்: 40 × 0.916 = 36.64 கிராம்
750 என்றால் தங்கம்: 40 × 0.750 = 30.00 கிராம்

கண்ணுக்கு இரண்டும் மஞ்சள்தான். ஆனால் வித்தியாசம் 6.64 கிராம், முக்கால் பவுனுக்கும் மேல். அவசரத்துக்கு அடகு வைக்கவோ விற்கவோ போகும்போது தங்கத்துக்குத்தான் மதிப்பு. கொடுத்த செய்கூலி திரும்பி வராது.

செய்து பாருங்கள்

சிலர் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே, ஒட்டவில்லை என்பதால் அது தங்கமாகிவிடாது. அடர்த்தியை அளப்பது மேலானது. தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளி 10.5, செம்பு சுமார் 9 (கிராம்/கன செ.மீ.).

0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். பெரியவர்களின் அனுமதியும் வேண்டும்.

1. வளையலை நிறுத்து எடையைக் குறியுங்கள்.
2. நீருள்ள குவளையைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள்.
3. வளையலை நூலில் கட்டி, கையால் பிடித்தபடி நீரில் முழுவதும் மூழ்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டக்கூடாது.
4. தராசு இப்போது காட்டுவது, வளையல் இடம்பெயர்த்த நீரின் எடை. 1 கிராம் நீர் 1 கன செ.மீ. என்பதால் அதுவே வளையலின் கன அளவு.
5. முதல் எடையை இதனால் வகுங்கள்.

916 நகைக்கு ஏறக்குறைய 17.6 முதல் 18 வரை வரும். 750 மஞ்சள் தங்கத்துக்கு 15 முதல் 16 வரை. கல் பதித்த நகை, உள்ளே வெற்றிடமுள்ள நகை ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

சோதனையின் எல்லை

விடை 17.8 வந்தால் ‘916 என உறுதி’ என்று எழுதலாமா? கூடாது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25. அதைக் கலந்து முலாம் பூசினால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். கடைகளில் உள்ள எக்ஸ்ரே கருவியும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கைத்தான் படிக்கும். தடித்த முலாம் அதையும் ஏமாற்றலாம். பொருந்தாத விடை சந்தேகத்தை எழுப்பும். பொருந்தும் விடை சந்தேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. ஒரு சோதனையோடு நிறுத்தாமல் இன்னொன்றாலும் சரிபார்ப்பதே அறிவியல்.

வாங்கும்போது முத்திரை எண்ணைப் பாருங்கள். ரசீதில் எடை, தூய்மை, செய்கூலி மூன்றும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்குப் போய் வாங்கினால், ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தெண்கள் கொண்ட அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிந்தனைக்கு: 916 எனப் பொறித்த, கல்லில்லாத வளையல் 20.00 கிராம். அது இடம்பெயர்த்த நீர் 1.30 கிராம். அடர்த்தி என்ன? வளையல் போலி என்று முடிவு செய்வதற்கு முன் வேறு எதைச் சரிபார்ப்பீர்கள்?