இரு வரலாற்று நூல்களும் மூன்று வினாக்களும்

நம் சமுதாயத்தின் தொன்மை குறித்து விழா மேடைகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் நாம் எடுத்துரைக்கும் செய்திகள் சில, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த இரு நூல்களில் விரிவாகப் பேசப்பட்டவை. அந்நூல்களை நாம் எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதலாவது, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் மொழிபெயர்த்து, 1920-இல் பீகார் மாநிலத்து ஆராவிலிருந்து வெளிவந்த பஞ்சாஸ்திகாய சாரம். அது தத்துவ நூலேயாயினும் அதன் வரலாற்று முன்னுரை புகழ்பெற்றது. ஆசாரிய குந்தகுந்தரே ஏலாசாரியர் என்றும், திருக்குறளை இயற்றியவர் அவரே என்றும் பேராசிரியர் அதில் வாதிடுகிறார். இரண்டாவது, எம். எஸ். இராமசுவாமி ஐயங்காரும் பி. சேஷகிரி ராவும் எழுதி 1922-இல் வெளிவந்த தென்னிந்திய ஜைன ஆய்வுகள். வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்னும் செய்தி இந்நூலில் இடம்பெறுகிறது.

ஒரு வரலாற்றுச் செய்தியைக் காணும்போது நாம் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனைக் கூறுபவர் யார்? எக்காலத்தில் கூறினார்? எதன் பொருட்டுக் கூறினார்?

வச்சிரநந்தி பற்றிய செய்திக்கு மூலம், தேவசேனர் இயற்றிய தரிசன சாரம். சங்கம் தோன்றியதாக அது கூறும் விக்கிரம ஆண்டு 526, கி.பி. 470-ஐ ஒட்டியது. தேவசேனர் மாளவ நாட்டுத் தாரா நகரில் தம் நூலை முடித்ததோ விக்கிரம ஆண்டு 990-இல். இடைவெளி 464 ஆண்டுகள். அன்றியும், நெறி பிறழ்ந்தனவாகத் தாம் கருதிய சங்கங்களின் வரிசையிலேயே அவர் திராவிட சங்கத்தைச் சேர்க்கிறார். நாம் பெருமையுடன் எடுத்துக்காட்டும் அச்செய்தி, மூலநூலில் குறையாகவே கூறப்பட்டுள்ளது! ஆயினும் அச்சங்கம் கற்பனையன்று. பதினோராம் நூற்றாண்டுக் கன்னட நாட்டுக் கல்வெட்டுகள் அதனைக் குறிக்கின்றன. ஆனால் அது துறவியர் கூட்டம். புலவர் கூடித் தமிழாய்ந்த சங்கமும் அதுவும் ஒன்றே என்பதற்கு இச்சான்று போதாது.

திருக்குறள் செய்தியும் இத்தகையதே. குறளை இயற்றியவர் ஏலாசாரியர் என்பது ஒரு மரபு. குந்தகுந்தருக்கு அப்பெயரும் உண்டென்பது மற்றொரு மரபு. இரண்டையும் இணைத்ததே பேராசிரியரின் வாதம். குறள் தன் ஆசிரியர் பெயரைக் கூறவில்லை. ஆகவே, "இஃது எம் மரபு" என்று நாம் கூறலாம். "இது நிறுவப்பட்டது" என்று கூறலாகாது. மரபைக் கைவிடுக என்பது நம் கருத்தன்று. மரபையும் சான்றையும் தனித்தனியே அறிதல் வேண்டும் என்பதே.

இவ்வினாக்கள் நம் பெருமையைக் குறைப்பனவல்ல. 1922-இல் பாண்டி நாட்டுக் குகைக் கல்வெட்டுகள் தெளிவாகப் படிக்கப்படவில்லை. அவற்றின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் பல்லாண்டுகள் ஆய்ந்து 2003-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். மதுரையை அடுத்த மாங்குளத்தில், கணிநந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியன் காலத்தில் அமைக்கப்பட்ட உறைவிடத்தைக் கல்வெட்டே கூறுகிறது. அதன் காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது மகாதேவன் முடிவு. மூன்று வினாக்களையும் இங்கே எழுப்பிப் பாருங்கள். கூறுவோர் கொடையளித்தோர், காலம் நிகழ்ச்சி நடந்த அக்காலமே, நோக்கம் கொடையைப் பதிவு செய்தல். இதனினும் உறுதியான சான்று வேறென்ன வேண்டும்?

நம் பிள்ளைகள் கல்லூரியில் வரலாறு பயில்கின்றனர். ஆதாரமற்ற ஒன்றை அவர்கள் நம் சொல் கேட்டு உரைத்து, அது மறுக்கப்படுமாயின், மாங்குளத்தையும் அவர்கள் ஐயுறுவர். ஐயம், திரிபு, தெளிவின்மை ஆகியன நீங்கிய அறிவே நன்ஞானம் என்று நம் ஆகமம் கற்பிக்கிறது. வரலாற்றறிவுக்கும் அவ்விலக்கணம் பொருந்தும்.

பயிற்சி: உங்கள் ஊர் ஜினாலயத்தைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றை எழுதி, அதன் கீழ் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுக. பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்க.