யார் எண்ணிய கணக்கு?

2021 பொங்கல் கழிந்து ஒரு நாள். எங்கள் மாடி வீட்டுப் பையன் செல்போனை என் முகத்தெதிரே நீட்டினான். இங்கே நாக்பூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் சிறு கடை வைத்திருக்கிறான்.

"மாமா, ஏ.எம்.டி. இண்டெலைத் தாண்டிடுச்சு! அப்பா கொடுத்த நாலு லட்சத்துக்கும் அந்தச் சரக்கையே எடுத்துடப் போறேன்."

அப்பா கொடுத்தது ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணம். எனக்குத் திக்கென்றது. முப்பது வருஷம் புள்ளிவிவரத்தோடு மாரடித்தவன் நான். "யார் எண்ணின கணக்குடா இது?" என்றேன்.

அது பாஸ்மார்க் நிறுவனத்தின் வரைபடம். மேசைக் கணினி ப்ராசஸர்களில் ஏ.எம்.டி.க்கு ஏறக்குறைய 51 சதவிகிதம். மெர்க்குரி ரிசர்ச் கணக்கிலோ 2020 மூன்றாம் காலாண்டில் சுமார் 20 தான்! இரண்டும் பொய்யல்ல. பாஸ்மார்க் எண்ணுவது தன் வேகச் சோதனையை ஓட்டிப் பார்த்தவர்களின் கணினிகளை. அப்படி ஓட்டிப் பார்ப்பவர் யார்? விளையாட்டுப் பிரியர்கள், தாமே கணினி கோத்துக்கொள்பவர்கள். ஒரு வங்கிக்கு நூறு கணினி வந்து இறங்கினால் எந்த குமாஸ்தா வேகம் பார்க்கிறார்? மெர்க்குரி எண்ணுவதோ கம்பெனிகள் விற்று அனுப்பிய ப்ராசஸர்களை. கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு, ஊரில் எத்தனை பேர் பட்டுப்புடவை கட்டுகிறார்கள் என்று எண்ணலாமா?

அவன் பில் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு மாதத்து பில்களில் பாதிக்கு மேல் டியூஷன் சென்டர்களும் ஆடிட்டர் ஆபீஸ்களும். கேட்டதெல்லாம் இண்டெல். ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் ஏ.எம்.டி. எடுத்தான்.

பிப்ரவரியில் மெர்க்குரியின் அடுத்த கணக்கு வந்தது: சுமார் 19. "இறங்கிடுச்சே மாமா!" என்று ஓடிவந்தான். பங்கு இறங்கினால் விற்பனை இறங்கியதாக அர்த்தமில்லை. அந்த 2020இல் ஏ.எம்.டி.யின் வருமானம் 45 சதவிகிதம் கூடியிருந்தது. ஊரடங்கில் வீட்டுக்கு வீடு கணினி வாங்கியதில் மொத்தச் சந்தையே பெருத்துவிட்டது. பெரிய பானையில் அதே கரண்டிச் சோறு குறைவாகத்தானே தெரியும்?

2024 மூன்றாம் காலாண்டில் சர்வர் ப்ராசஸர்களில் ஏ.எம்.டி.க்கு 24 என்று ஒரு செய்தி, 34 என்று இன்னொரு செய்தி. இம்முறை அவனே, "ஒண்ணு எண்ணிக்கை, இன்னொண்ணு பணமா மாமா?" என்றான். அதேதான். எண்ணிக்கையில் 24, பண மதிப்பில் 34. விலை கூடிய ரகங்களை அதிகம் விற்றிருக்கிறார்கள்.