கண்ணாடிக்குள் கீரை

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகள், மரப்பெட்டியின் மேல் பழைய ஜன்னல் கண்ணாடியை மூடிவைத்து, ஏப்ரல் குளிரிலேயே பாலக்கீரை பறிக்கிறாள். இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஓர் அரசனின் நாக்குக்காகச் செய்த ஏற்பாடுதான் நமக்குத் தெரிந்த பழைய செய்தி. ரோமை ஆண்ட திபேரியஸுக்கு (கி.பி. 14–37) தினமும் வெள்ளரிக்காய் வேண்டும். தோட்டக்காரர்கள் பாத்தியையே சக்கரத்தின் மேல் அமைத்து, வெயில் இருக்கும் பக்கம் தள்ளிப்போனார்கள். குளிர் நாளில் ஒளி புகும் தகடுகளுக்கு அடியில் இழுத்துவிட்டார்கள். ரோம எழுத்தாளர் பிளினி இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தகடு கண்ணாடி அல்ல, ஏடு ஏடாகப் பிரியும் ஒரு கல். காயும் முலாம்பழ வகைதான் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள்.

ஆனால் என் மரியாதையெல்லாம் பாரிஸ் தோட்டக்காரர்களுக்குத்தான். 19-ஆம் நூற்றாண்டில் அந்த நகரமே குதிரை வண்டியில் ஓடியது. லாயத்து லத்திக்குப் பஞ்சமில்லை. அதைக் கனமாகப் பரப்பினால் மக்கும்போது சூடு கிளம்பும். அதன்மேல் மண், மண்ணில் லெட்யூஸ் நாற்று, நாற்றின் மேல் கோயில் மணியைக் கவிழ்த்தாற்போல ஒரு கண்ணாடி மணி. ராத்திரியில் மணிகளின் மேல் வைக்கோல் பாய். விடிந்ததும் பாயைச் சுருட்டவேண்டும். வெயில் ஏறினால் ஒவ்வொரு மணியையும் ஒருபக்கம் தூக்கி, படிபடியாக வெட்டிய குச்சியை முட்டுக்கொடுக்க வேண்டும். தோட்டம் முழுக்க மணிகள்; ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிரவேண்டும்! மொரோ, தாவெர்ன் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் 1845-இல் இந்தத் தொழிலைப் புத்தகமாகவே எழுதினார்கள். பிறகு மோட்டார் வந்தது. குதிரை போனது, லத்தியும் போனது.

லத்திச் சூடு இல்லாமல் வெயிலை மட்டும் நம்பியது உங்கள் மகளின் பெட்டி. வெளிச்சம் உள்ளே போய் மண்ணைச் சூடாக்கும். சூடான காற்று வெளியேற வழியில்லை. வடக்கு நாடுகளில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால், பெட்டியின் பின்பக்கத்தை உயர்த்தி, மூடியைத் தெற்குப் பார்த்துச் சரிக்கிறார்கள்.

1948-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் எமெர்ட் என்ற பேராசிரியர் கண்ணாடிக்குப் பதிலாக செல்லோஃபேன் தாளைப் போர்த்திப் பார்த்தார். அந்த வழியில் பாலித்தீன் வந்தது. பின்னால், மழையும் வெளிச்சமும் ஊடுருவும் மெல்லிய செயற்கை இழைத் துணியும் வந்தது. அதைப் பாத்தியின் மேல் அப்படியே போர்த்திவிடலாம்.

டிசம்பரில் கீரை வளரவில்லையே என்று மகள் கவலைப்பட்டால், பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பகல் 10 மணி நேரத்துக்குக் குறைந்தால் கீரை அநேகமாக அப்படியே நிற்கும். பிப்ரவரியில் பகல் நீண்டதும் தானே கிளம்பும். வெயிலடிக்கும் நாளில் மட்டும் மூடியை நாலு விரல் தூக்கிவைக்க மறக்கவேண்டாம். வெளியே பனி கிடந்தாலும், மூடிய பெட்டிக்குள் மதியத்துக்குள் கீரை வெந்துவிடும்.