பெரியப்பா எந்தப் பந்தியில்?

கணக்குப் புத்தகத்தில் வராத ஒரு கணக்கைப் பார்ப்போம். திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூரில் ஒரு கல்யாணம். (சேலத்து ஆத்தூர் அல்ல, காமராசர் அணை இருக்கும் ஆத்தூர்.) மாலை 7 மணிக்கு வரவேற்பு விருந்து. வருவோர் 300 பேர். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் 150 பேர் உட்காரலாம். ஒரு பந்தி சாப்பிட்டு எழ 40 நிமிடம். எச்சில் இலை எடுத்து, மேசை துடைத்து, புது இலை போட 10 நிமிடம் என்று கொள்வோம். இரண்டு பந்தி என்றால் 90 நிமிடம். எட்டரை மணிக்குக் கூடம் காலியாகிவிடும். வெளியூர்க்காரர்கள் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஆனால் யார் எந்தப் பந்தியில், எந்த நாற்காலியில்?

முதலில் வெறும் 10 பேரை ஒரு வரிசையில் உட்காரவைத்துப் பாருங்கள். முதல் நாற்காலிக்கு 10 பேரில் யாரும் வரலாம். இரண்டாவதற்கு மீதி 9 பேரில் ஒருவர். மூன்றாவதற்கு 8 பேரில் ஒருவர். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 36,28,800 வகை வரும். நிமிடத்துக்கு ஒரு வகையாக, இராப்பகல் ஓயாமல் மாற்றி மாற்றி உட்கார்ந்தாலும் 2520 நாள், அதாவது ஏறத்தாழ 7 ஆண்டு ஆகும். அதற்குள் மணமக்களின் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே போய்விடும்!

ஆகவே எல்லா வகைகளையும் எழுதிப் பார்த்து நல்லதைப் பொறுக்குவது நடவாத காரியம். நிபந்தனைகள் சேர்ந்தால் எண்ணிச் சொல்வதுகூடக் கடினமாகிவிடும். பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1891-இல் ஒரு விருந்துக் கணக்கைக் கேட்டார்: வட்ட மேசையில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அமரவேண்டும், எந்தக் கணவனும் தன் மனைவிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. எத்தனை வகை? நாற்காலிகளுக்கு எண் போட்டுக்கொண்டால், 3 தம்பதிகளுக்கு 12, நான்குக்கு 96, ஐந்துக்கு 3120 என்று ஏறுகிறது. நம் ஊரில் இந்தச் சிக்கல் இல்லை. இங்கே கணவன் மனைவியைப் பிரிப்பதல்ல கஷ்டம், பங்காளிகளைச் சேர்ப்பதுதான்.

நம் கல்யாண வீட்டில் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுத் தண்ணீரில் தகராறு. சித்தப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் தென்னந்தோப்புக் குத்தகையில் மனத்தாங்கல். தாய்மாமன் பெண் கேட்டு அத்தை கொடுக்கவில்லை. அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் பாட்டியின் நகையில் வழக்கு. “அவர் உட்காரும் பந்தியில் நான் கை நனைக்கமாட்டேன்” என்பது ஒவ்வொருவரின் சபதம். கூடத்தின் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர் என்று வைத்தாலும் செல்லாது.

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். பகை உள்ள இருவருக்கு இடையே ஒரு கோடு போடுங்கள். கோலம் போலத்தான். இத்தகைய படத்துக்குக் கோட்டுரு என்று பெயர். இதை ஆராயும் துறை கோட்டுருவியல். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி 1736-இல் ஆய்லர் எழுதிய கட்டுரையிலிருந்து இத்துறையின் கதை தொடங்குகிறது.

நம் படத்தில் 4 புள்ளி, 4 கோடு, ஒரு சதுரம். பெரியப்பாவை முதல் பந்தியில் வையுங்கள். அவரோடு கோடு உள்ள சித்தப்பாவும் அத்தையும் இரண்டாம் பந்திக்குப் போகவேண்டும். அவர்களோடு கோடு உள்ள தாய்மாமன் திரும்ப முதல் பந்திக்கு வருகிறார். பெரியப்பாவும் தாய்மாமனும் பகையாளிகள் அல்லர். முடிந்தது, இரண்டே பந்தி.

இந்த நேரத்தில் யாரோ புண்ணியவான் பேசிப் பெரியப்பாவையும் அத்தையையும் சமாதானம் செய்துவைக்கிறார். நல்லதுதானே? இல்லை. “என்னைக் கேட்காமல் எப்படி ராசியானீர்கள்?” என்று சின்னத் தாத்தா அந்த இருவர் மீதும் கோபித்துக்கொள்கிறார். (இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்கள் கல்யாண வீட்டில் வேலை பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.) இப்போது ஐங்கோணம்: பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை, சின்னத் தாத்தா, மறுபடி பெரியப்பா. சுற்றி வாருங்கள்: முதல் பந்தி, இரண்டு, முதல், இரண்டு... சின்னத் தாத்தாவிடம் வந்து முட்டிக்கொள்கிறோம். முதல் பந்தியில் பெரியப்பா. இரண்டாம் பந்தியில் அத்தை. அவருக்கு மூன்றாம் பந்திதான் போடவேண்டும்.

கவனியுங்கள்: இந்த ஐவரில் ஒருவருக்கொருவர் பகையான மூவர் கூட்டம் எங்கும் இல்லை. ஆயினும் மூன்று பந்தி தேவைப்படுகிறது. காரணம், பகை வட்டத்தில் இருப்போர் எண்ணிக்கை ஒற்றைப்படை. வட்டங்கள் எல்லாம் இரட்டைப்படையானால் இரண்டு பந்தி போதும். ஓர் ஒற்றைப்படை வட்டம் இருந்தாலும் போதாது. மூன்றாம் பந்தியால் 50 நிமிடம் கூடி விருந்து 9.20-க்கு முடிகிறது. பஸ் போய்விடும். சர்க்கரை நோய்க்காரப் பாட்டியும் தூங்கி வழியும் குழந்தைகளும் கடைசிப் பந்தியில் மாட்டிக்கொண்டால் அவர்கள் பாடு என்ன?

இதற்கு ஐந்து சண்டைகளையும் தீர்க்கவேண்டியதில்லை. ஏதாவது ஒன்று தீர்ந்தால் போதும். சித்தப்பாவும் தாய்மாமனும் ராசியாகட்டும். பெரியப்பாவும் அத்தையும் முதல் பந்தி. மற்ற மூவரும் இரண்டாம் பந்தி. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு என்பது இருவருக்கு இடையே வந்த சொந்தச் சண்டைக்கு மட்டுமே. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் சாதியின் பேரால் சில பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது தமிழகமெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அந்த மாதிரிக் கோட்டுக்கு நம் தாளில் இடமில்லை.

பந்திக்குப் பதிலாக வண்ணம் என்று சொல்லிப் பாருங்கள். கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் கூடாது. தேசப்படத்துக்கு நான்கு வண்ணம் போதுமா என்று 1852-இல் பிரான்சிஸ் கத்ரி கேட்ட கேள்வியும் இதுதான். போதும் என்று 1976-இல் அப்பெல், ஹாக்கன் ஆகிய இருவர் கம்ப்யூட்டரைக் கொண்டு நிறுவினர். ஆனால் உறவினர் சண்டைக்கு அந்த வரம்பு கிடையாது. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பகை என்றால் ஐந்து பந்தி போட்டே தீரவேண்டும்.

இரண்டு பந்தி போதுமா என்பதை, எத்தனை பேரானாலும், நாம் செய்தது போலச் சுற்றி வந்து விரைவில் கண்டுவிடலாம். மூன்று போதுமா என்று கேட்டால்தான் வினை. புள்ளிகள் பெருகினால், எந்தப் படத்துக்கும் விரைவாக விடை தரும் வழி இன்றுவரை எவருக்கும் தெரியாது. உங்கள் பரீட்சை அட்டவணை போடுவதும் இதே கணக்குத்தான். பாடங்கள் புள்ளிகள், ஒரே மாணவன் எழுதவேண்டிய இரு பாடங்களுக்கு இடையே கோடு, பந்திக்குப் பதில் பரீட்சை வேளை.

இனி உங்களுக்கு ஒரு வேலை. மேற்படி ஐங்கோணத்தின் நடுவில் பெரியம்மா என்று ஒரு புள்ளி வைத்து, ஐவரோடும் கோடு போடுங்கள். இப்போது எத்தனை பந்தி? நான்கு என்று வந்தால் சரி. பத்துக் கோடுகளில் எந்த ஒன்றை அழித்தால் மூன்று பந்தியாகக் குறையும்? ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள்.