நாயின் இதயப்புழு: காசு செலவழிக்க முன் அறிய வேண்டியவை



கால்நடை என்றால் ஆடு, மாடு, கோழி என்று எண்ணுகிறோம். நாயை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மன்னாரில் கமம் செய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இரவில் ஆட்டுப்பட்டியைக் காப்பது நாய். வயலுக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரைப்பது நாய். 1990இலும் 2007 முதல் 2009 வரையும் இடம்பெயர்ந்து, மீண்டும் வெறும் நிலத்தில் கொட்டில் போட்டவர்களுக்கு, மதிலும் கதவும் இல்லாத காலத்தில் காவலாக இருந்ததும் நாய்தான். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறர் நிலத்தில் இருப்பவர்களுக்கு இது நன்கு தெரியும்.

அப்படிப்பட்ட நாய் இருமத் தொடங்குகிறது, மெலிகிறது, சிறிது தூரம் ஓடினாலும் களைத்துப் படுத்துவிடுகிறது. "இதயப்புழுவாக இருக்கும், வைத்தியம் செய்யப் பெருந்தொகை வேண்டும்" என்று யாரோ சொல்கிறார்கள். ஆட்டை விற்பதா, நுண்கடன் எடுப்பதா, நாயைக் கைவிடுவதா என்ற கேள்வி வீட்டுக்குள் எழுகிறது. இந்தப் பாடம் அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது. இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: எந்தப் புழு என்று தெரியாமல் ஒரு சதமும் மருந்துக்குச் செலவழிக்காதீர்கள்.

1. இதயப்புழு என்பது என்ன?

இது நூல்போன்ற நீண்ட புழு. வளர்ந்த பெண்புழு 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை இருக்கும். நாயின் நுரையீரலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் வாழும். அங்கே அது குஞ்சுப்புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடுகிறது.

ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு இது நேரே தொற்றாது. கடித்தாலோ, நக்கினாலோ, ஒரே சட்டியில் தின்றாலோ வராது. நடுவில் நுளம்பு வேண்டும். நோயுள்ள நாயின் இரத்தத்தைக் குடிக்கும் நுளம்புக்குள் குஞ்சுப்புழு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வளர்கிறது. அந்த நுளம்பு அடுத்த நாயைக் கடிக்கும்போது புழு உள்ளே போகிறது. பிறகு 6, 7 மாதங்களில் முழு வளர்ச்சி அடைந்து, 5 முதல் 7 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். இன்று இருமும் நாய்க்குப் புழு சென்ற மழைகாலத்திலோ அதற்கும் முன்போ ஏறியிருக்கலாம்.

2. இலங்கையில் அதிகம் உள்ளது வேறொரு புழு

இதுதான் நமக்கு முக்கியமான செய்தி. இலங்கை நாய்களின் இரத்தத்தில் குஞ்சுப்புழு காணப்பட்டால், அது பெரும்பாலும் இதயப்புழுவினுடையது அன்று. அதே இனத்தைச் சேர்ந்த, தோலுக்கு அடியில் வாழும் புழுவினுடையது. இதைத் தோலடிப்புழு என்று சொல்வோம். விஞ்ஞானப் பெயர் டைரோபிலேரியா றெபென்ஸ். இதயப்புழுவின் பெயர் டைரோபிலேரியா இமிற்றிஸ்.

இரண்டும் நுளம்பால் பரவும். நுணுக்குக்காட்டியில் மேலோட்டமாகப் பார்த்தால் குஞ்சுகள் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். விளைவு மட்டும் வேறு. தோலடிப்புழு உள்ள நாய்களில் பலவற்றுக்கு ஒரு குறியும் இராது. சிலவற்றுக்குச் சொறியோ தோலில் சிறு கட்டியோ வரும். இதயத்தைத் தாக்குவதில்லை. அதற்கு இதயப்புழுவின் விலைகூடிய ஊசி தேவையில்லை.

இதயப்புழு நம் அயலில் இல்லாத நோயும் அன்று. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களில் அது நன்கு அறியப்பட்டது. ஆகவே அது இல்லவே இல்லை என்று தள்ளவும் கூடாது. சோதிக்காமல் அதுதான் என்று முடிவு கட்டவும் கூடாது.

களைப்பும் மெலிவும் வேறு காரணங்களாலும் வரும். உண்ணியால் வரும் காய்ச்சல் நம் நாட்டு நாய்களில் சாதாரணம். முரசு வெளிறி, தீன் தின்னாமல் கிடக்கும் நாய்க்குப் பெரும்பாலும் உண்ணிக்காய்ச்சலையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கான மருந்து வேறு.

3. சோதனையின் ஒழுங்கு

அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு நாயைக் கொண்டு போங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியுமா? இது செலவு குறைந்த சோதனை. குஞ்சுப்புழு, உண்ணிக்காய்ச்சல் கிருமி இரண்டையும் இதில் தேடலாம்.

இரண்டாவது: புழு தெரிந்தால், எந்தப் புழு? இதயப்புழுவுக்கென ஒரு விரைவுச் சோதனை உண்டு. வளர்ந்த பெண்புழுவின் அடையாளத்தை அது இரத்தத்தில் காட்டும். தோலடிப்புழு மட்டும் இருந்தால் அது பொதுவாக ஒன்றும் காட்டாது. இந்த ஒரு சோதனைக்குச் செலவழிக்கும் காசு, தேவையற்ற வைத்தியத்தின் பெருஞ்செலவைத் தடுக்கும். சிக்கலான நோயாளிக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையும் உண்டு.

மூன்றாவது: நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இருமல் மட்டுமா, வயிறு நீர் கோத்து வீங்கிவிட்டதா? சிறுநீர் கடுஞ்சிவப்பாகி நாய் திடீரென விழுந்தால் அது உயிராபத்து. ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

4. உண்மையாகவே இதயப்புழு என்றால்

இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட வைத்தியம் ஒரே நாளில் முடிவதன்று. 15 கிலோ எடையுள்ள ஊர் நாயை எடுத்துக்கொள்வோம்.

முதல் மாதம்: டொக்சிசைக்கிளின் குளிசை. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு தடவை, 28 நாட்கள். 100 மில்லிகிராம் குளிசையானால் ஒரு தடவைக்கு ஒன்றரை, நாளுக்கு மூன்று, மொத்தம் 84. புழுவுக்குள் வாழ்ந்து அதற்குத் துணைசெய்யும் பக்ரீரியாவை இது அழிக்கிறது. உணவோடு கொடுக்க வேண்டும். இதோடு மாதம் ஒருமுறை தடுப்பு மருந்தும் தொடங்கும்.

இரண்டாம் மாதம்: காத்திருப்பு. தடுப்பு மருந்து மட்டும் தொடரும்.

மூன்றாம் மாதத் தொடக்கம்: மெலார்சோமின் என்னும் ஆசனிக் சேர்ந்த ஊசி ஒன்று, முதுகுத் தசையில் ஆழமாக. அதற்கு ஒரு மாதம் கழித்து, அடுத்தடுத்த இரு நாட்களில் இன்னும் இரண்டு. ஆக மூன்று ஊசிகள். செலவில் பெரும்பகுதி இதுவே. ஆகவே முதல் நாளிலேயே கேளுங்கள்: இந்த மருந்து கிடைக்குமா? எங்கிருந்து வர வேண்டும்? மூன்றுக்கும் சேர்த்து என்ன விலை?

கவனியுங்கள், இந்த ஒழுங்கிலேயே ஒரு வசதி இருக்கிறது. பெருஞ்செலவு முதல் நாளில் வருவதில்லை. இரண்டு மாதம் கழித்தே வருகிறது. அறுவடையை ஒட்டியோ சீட்டு விழும் மாதத்தை ஒட்டியோ திட்டமிட முடியுமா என்று வைத்தியரோடு பேசலாம்.

இன்னொரு மருந்து உண்டு, அதற்கு விலையே இல்லை. அது ஓய்வு. புழு சாகும்போது அதன் துண்டுகள் நுரையீரல் குழாய்களை அடைக்கும். அந்த வேளையில் நாய் ஓடினால் செத்துவிடக்கூடும். நோய் உறுதியான நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பின் 6 முதல் 8 வாரம் வரை நாயைக் கட்டி வைக்க வேண்டும். பன்றி விரட்ட விடக்கூடாது. பெருந்தொகை கொடுத்து ஊசி போட்டுவிட்டு நாயை அவிழ்த்து விடுவது காசைக் கடலில் போடுவதாகும்.

ஊசிக்கு வழியே இல்லை என்றால் வைத்தியர் டொக்சிசைக்கிளினையும் மாதாந்தத் தடுப்பு மருந்தையும் மட்டும் நீண்டகாலம் தொடரச் சொல்லலாம். செலவு குறைவு. ஆனால் புழு சாக ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை உள்ளே சேதம் தொடரும். ஓய்வும் தொடர வேண்டும். முதல்தர வழி இதுவன்று. எனினும் ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேலானது.

5. செய்யக்கூடாதவை

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரின் ஊசி மருந்தை நாய்க்கு வீட்டில் கொடுக்காதீர்கள். 15 கிலோ நாயின் மாதாந்தத் தடுப்பு அளவு ஏறக்குறைய 90 மைக்கிரோகிராம். மாட்டு மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் இருப்பது 10,000 மைக்கிரோகிராம். அதாவது நூறு மடங்குக்கு மேல். வீட்டு ஊசிக்குழாயால் அவ்வளவு சிறிய அளவை அளக்க முடியாது. இரத்தத்தில் குஞ்சுப்புழு நிறைந்த நாய்க்கு அவை திடீரெனச் செத்தால் அதிர்ச்சியும் ஏற்படும்.

விதைநெல்லை விற்காதீர்கள். வாரவட்டிக் கடன் எடுக்காதீர்கள். பிள்ளையின் பள்ளிச் செலவில் கை வைக்காதீர்கள். நாயை வாகனத்தில் ஏற்றித் தொலைவில் விட்டுவிட்டும் வராதீர்கள். கட்டாக்காலியாகும் அந்த நாயிலிருந்து நுளம்பு புழுவை இன்னொரு ஊருக்குக் கொண்டு போகும். வைத்தியம் முடியாத நிலையில், வேதனையில்லாமல் நாயின் முடிவை அமைப்பது பற்றி வைத்தியரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

6. ஒரு வீட்டால் முடியாதது

அயலில் ஐந்து நாய்களின் இரத்தத்தில் புழு இருக்க, ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் அடுத்த மழைக்கு அதற்கும் மீண்டும் வரலாம். தடுப்பதுதான் மலிவு, அதுவும் சேர்ந்து செய்தால் இன்னும் மலிவு.

பத்து வீட்டார் ஒரே நாளில் நாய்களைக் கொண்டு போனால் வாகனச் செலவு பத்தாகப் பிரியும். நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி அரசினால் இலவசமாகப் போடப்படுகிறது. அந்த நாளிலேயே இரத்தச் சோதனையையும் வைத்து முடிக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ மாதம் ஒரு சிறு தொகையைக் கால்நடை வைத்தியத்துக்கென ஒதுக்கலாம். இன்று நாய்க்கு, நாளை கறவைப் பசுவுக்கு.

நுளம்பை ஒழிக்கக் காசு வேண்டாம். சிரட்டை, ரயர், உடைந்த பானை ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கிழமைக்கு ஒருமுறை கொட்டுங்கள். கிணற்றையும் தொட்டியையும் மூடுங்கள். 2016 டிசம்பரில் மன்னார் தீவில்தான் அனோபிலிஸ் ஸ்ரிபன்சி என்னும் மலேரியா நுளம்பு இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகுவது. அதே ஆண்டில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அந்தச் சான்றைக் காப்பதும் நம் முற்றத்தைக் காப்பதும் ஒரே வேலை.

இது பிள்ளைகளையும் பற்றிய காரியம். நாயின் தோலடிப்புழு நுளம்பு மூலம் மனிதருக்கும் வரும். இலங்கையில் 1962 முதல் நூற்றுக்கு மேற்பட்டோரில் இது பதிவாகியுள்ளது. சிறு பிள்ளைகளும் அவர்களுள் பலர். தோலுக்கடியில் சிறு கட்டியாகவோ கண்ணில் அசையும் நூலாகவோ தோன்றும். பயப்பட வேண்டாம்; சிறு சத்திரசிகிச்சையால் புழுவை எடுத்துவிடுவார்கள். கட்டியை வீட்டில் கீறாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். ஆகவே நாயின் நோய்க்குச் செலவழிப்பது வீண் என்று யாராவது சொன்னால், அந்த நுளம்பு அடுத்துக் கடிப்பது யாரை என்று கேளுங்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது கிராமத்தில் எத்தனை நாய்கள் உள்ளன? அவற்றில் எத்தனைக்குச் சொந்தக்காரர் உண்டு?
2. சென்ற வருடம் கால்நடை வைத்தியத்துக்காக யாராவது கடன்பட்டோமா? அதைத் தவிர்த்திருக்க முடியுமா?
3. அடுத்த தடுப்பூசி நாளுக்கு முன் வைத்தியரைச் சந்தித்துப் பேச எங்களில் இருவர் யார்?
4. மாரி மழைக்கு முன் எந்தக் கிணறுகளை மூட வேண்டும்? யார் பொறுப்பு?

விடைகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்தக் கொப்பியைத் திறவுங்கள்.